ஆடு கடைசியில் வரட்டும்

ஏழைக் குடும்பத்துக்குத் திட்டத்தில் பங்குனியில் கொடுத்த ஆடு ஆடிக்குள் விற்றுப்போயிருக்கும். கிராமப்புற வாழ்வாதாரத் திட்டங்களில் வேலை பார்த்த யாரும் இந்தக் கணக்கை மறுக்கமாட்டார்கள். மார்ச் 31-க்குள் செலவு காட்ட வேண்டும் என்பதால் பங்குனியில் ஆடு வாங்கப்படும். வைகாசிக் கடைசியில் பள்ளிக்கூடம் திறக்கும். நோட்டு, பை, செருப்பு. ஆனியில் வட்டிக்காரர் திண்ணையில் வந்து உட்காருவார். ஆடியில் அம்மன் கோயில்களில் கிடா வெட்டு, சந்தையில் நல்ல விலை. ஆடு போய்விடும். அலுவலகக் கோப்பில் மட்டும் அந்தக் குடும்பம் ‘பயனாளி’ என்ற பெயரில், புகைப்படத்தில், ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

விற்ற பெண் மேல் தப்பில்லை. பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கியிருந்தால் மாதம் 1,000 ரூபாய் வட்டி. ஆட்டின் சினைக்காலம் 150 நாள். அந்த ஐந்து மாதத்தில் வட்டி மட்டும் 5,000 ரூபாய். பிறக்கும் குட்டியை விற்கும் பக்குவத்துக்கு வளர்க்க இன்னும் பல மாதம். ஆட்டை விற்றுக் கடனை அடைப்பதே லாபம் என்று அந்தப் பெண் போட்ட கணக்கு, திட்ட அறிக்கையில் இருக்கும் கணக்கைவிடச் சரியானது. கடன் இருப்பது ஆடு கொடுத்தவருக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் அதே ஒன்றியத்தில் இருந்திருப்பார்: அந்த வீட்டுப் பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று விசாரிக்கப் போன சமூகப் பணியாளர். இரண்டு பேரும் ஒருமுறைகூடச் சந்தித்திருக்கமாட்டார்கள். வளர்ச்சிப் பணியாளரும் சமூகப் பணியாளரும் எப்படிக் கைகோப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

வளர்ச்சிப் பணியாளர் என்று இங்கே சொல்வது வாழ்வாதார இயக்கத்தின் வட்டார ஒருங்கிணைப்பாளர், ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பின் கணக்காளர், தொண்டு நிறுவனத்தின் கால்நடைப் பயிற்றுநர் போன்றவர்களை. குழு, வங்கி, சந்தை, மானியம் என்றே யோசிப்பார்கள்; இருபது பேர், இருநூறு பேர் என்று கூட்டமாகப் பார்த்துப் பழகியவர்கள். சமூகப் பணியாளர் என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ, மகளிருக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்திலோ, மாவட்ட மனநலத் திட்டத்திலோ, ஒரு நேரத்தில் ஒரு வீட்டைப் பார்ப்பவர். வளர்ச்சிப் பணியாளருக்குப் பொறுமை கிடையாது என்று சமூகப் பணியாளரும், சமூகப் பணியாளருக்குக் கணக்கு வராது என்று வளர்ச்சிப் பணியாளரும் சொல்லிக்கொள்வதுண்டு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஊரே ஏழையாக இருந்த காலத்தில் இந்தப் பிரிவினை பெரிய குறையாகத் தெரியவில்லை. 1989-ல் தர்மபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது யாரைச் சேர்த்தாலும் அவர் ஏழைதான். இப்போது நிலைமை வேறு. 2019-21 குடும்பநல ஆய்வை வைத்து நிதி ஆயோக் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கில் (கல்வி, உடல்நலம், வாழ்க்கைத் தரம் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது) இந்தியாவின் சராசரி 14.96 சதவீதம், தமிழ்நாடு 2.20, கேரளம் 0.55. தமிழ்நாட்டின் இந்த இரண்டு சதவீதத்தில் இருப்பவர்கள் யார் என்று பார்த்தால், மகன் இருந்தும் தனியாக உலை வைக்கும் கிழவி, சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த கொத்தனார், அறிவுசார் குறைபாடுள்ள மகனை விட்டு வேலைக்குப் போக முடியாத தாய், ஆறு மாதம் செங்கல் சூளையிலும் ஆறு மாதம் ஏரிக்கரையிலும் இருக்கும் இருளர் குடும்பம். ஒவ்வொரு வீட்டுக்கும் காரணம் வேறு. பொதுத் திட்டம் எதுவும் இவர்களை வேண்டுமென்று ஒதுக்கவில்லை, தாண்டிப் போய்விட்டது.

சுய உதவிக் குழுவும் தாண்டித்தான் போகிறது. வாராவாரம் சேமிப்புக் கட்ட முடியாதவரைச் சேர்த்தால் குழுவின் தரமதிப்பீடு விழும். வங்கிக் கடன் மற்ற பதினோரு பேருக்கும் கிடைக்காது. ஆகவே குழுவினரே அந்தப் பெண்ணை மெல்ல ஒதுக்குவார்கள். கொடுமைக்காரர்கள் என்பதால் செய்வதில்லை. கூட்டுப் பொறுப்பு என்ற ஏற்பாடு அப்படித்தான் வேலை செய்யும். வங்கதேசத்தின் பிராக் நிறுவனம், தன் சிறுகடன் கடைசிப் படியில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதைக் கண்டுதான் 2002-ல் தனித் திட்டம் தொடங்கியது: கடன் இல்லை, ஒரு சொத்து இலவசம், சில மாதம் சாப்பாட்டுப் பணம், 24 மாதம் வீட்டுக்கு ஆள் வருவது. வளர்ச்சிப் பணியும் சமூகப் பணியும் ஒரே பணியாளரின் நோட்டுப் புத்தகத்துக்குள் வந்தது அங்கேதான்.

கேரளம் 2021-ல் இதையே அரசு வேலையாக எடுத்துக்கொண்டது. உள்ளாட்சிகளும் அங்குள்ள மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயும் சேர்ந்து உணவு, உடல்நலம், வருமானம், வீடு என்ற நான்கையும் பார்த்து 64,006 குடும்பங்களைப் பட்டியலிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நுண்திட்டம். 2025 நவம்பர் 1 அன்று அதீத வறுமை ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டபோது கணக்கில் இருந்தவை 59,277. இடைப்பட்ட காலத்தில் ஒற்றை ஆள் குடும்பங்களாக இருந்த 4,421 பேர் இறந்துவிட்டார்கள். 261 நாடோடிக் குடும்பங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 47 பெயர்கள் இரண்டு தடவை பதிவானவை. அறிவிப்பின் மேல் பொருளாதார அறிஞர்களும் ஆதிவாசி அமைப்புகளும் கேள்வி எழுப்பினார்கள். அது நியாயமான விவாதம். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த 4,421-ஐ. பட்டியலில் இருந்த பதினான்கு வீட்டில் ஒரு வீடு, பிழைப்புக்கு வழிசெய்து தரும் வயதையும் உடம்பையும் தாண்டிவிட்டிருந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாக 2024-25 நிதிநிலை அறிக்கையில் ஐந்து லட்சம் மிக ஏழைக் குடும்பங்களுக்கு என்று அறிவிக்கப்பட்டது தாயுமானவர் திட்டம். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோகும் திட்டத்துக்கும் 2025 ஆகஸ்டில் அதே பெயரை வைத்துவிட்டார்கள். ஊரில் போய்த் ‘தாயுமானவர்’ என்றால் அரிசி வண்டி எங்கே என்று கேட்பார்கள்.

பட்டியல் எடுப்பது

மக்கள் நிலை ஆய்வு நம்மிடம் நன்றாகப் பழகிப்போன முறை. தெருவில் கோலப்பொடியால் ஊர்ப்படம், வீட்டுக்கு ஒரு அட்டை, ஊராரே அட்டைகளை மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று நான்கு குவியலாகப் பிரிப்பார்கள். ஊர் பொதுவாகப் பொய் சொல்வதில்லை. அட்டையே போடாத வீடுகள்தான் சிக்கல். ஏரிப் புறம்போக்கில் இருப்பவர்களை “அவங்க நம்ம ஊர் இல்லீங்க” என்பார்கள். அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கும் கைம்பெண் அண்ணன் அட்டைக்குள் மறைந்துபோவார். காலை பதினோரு மணிக்குப் படம் போட்டால் வேலைக்குப் போகிறவர்கள் எவரும் இருக்கமாட்டார்கள்; மாலை ஆறுக்கு மேல், பெரிய தெருவில் ஒரு தடவையும் காலனியில் ஒரு தடவையும் போட வேண்டும்.

இதை வளர்ச்சிப் பணியாளர் நடத்தட்டும். அதே வாரம் சமூகப் பணியாளர் வேறொரு பட்டியல் எடுக்க வேண்டும்: அங்கன்வாடியில் எடை குறைந்த பிள்ளைகள், பள்ளியில் நின்றுபோனவர்கள், கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிந்த நீண்டநாள் நோயாளிகள், ரேஷன் கடையில் மூன்று மாதமாகப் பொருள் வாங்காத அட்டைகள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் மட்டும் இருக்கும் பெயர்கள்தான் முக்கியம். அந்த வீடுகளுக்கு இருவரும் சேர்ந்து போக வேண்டும். போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி வருமானம் இல்லை, “உலை தனியா, ஒண்ணா?” என்பது. தனி உலை என்றால் தனிக் குடும்பம். ஒரே கூரையாக இருந்தாலும் சரி, ஒரே குடும்ப அட்டையில் இருந்தாலும் சரி.

தாள்

இந்த வேலையில் பாதி நேரம் காகிதத்துக்குப் போகும். அலுப்பானது, ஆனால் இதற்குச் செலவழிக்கும் நாள் வேறு எதற்குச் செலவழிப்பதையும்விடப் பலன் தரும். வரிசை முக்கியம்: முதலில் சொந்தக் கைபேசி எண், பிறகு ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, சான்றிதழ், கடைசியில் உதவித்தொகை மனு. மாற்றிச் செய்தால் ஒவ்வொரு மேசையிலும் திருப்பி அனுப்புவார்கள். ஆதாரில் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைக் கொடுத்திருந்தால், ஓ.டி.பி. போகிற இடத்துக்குப் பின்னாலேயே இந்தப் பெண் ஓட வேண்டும்.

பெயர்தான் நம் ஊருக்கே உரிய தொல்லை. ஆதாரில் இனிஷியல் பின்னால், வங்கிப் புத்தகத்தில் முன்னால், குடும்ப அட்டையில் அப்பா பெயரா கணவர் பெயரா என்ற குழப்பம். ஆளுக்கு இது சின்ன விஷயம், கணினிக்கு இரண்டு வேறு மனிதர்கள். எந்தத் தாளில் உள்ள பெயரை மூலமாக வைத்துக்கொள்வது என்று முதல் நாளே முடிவுசெய்து, மற்றவற்றை அதற்கேற்ப மாற்ற வேண்டும். கதிரறுத்தும் கல் சுமந்தும் ரேகை தேய்ந்தவர்களுக்கு விரல் வைத்து வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. கருவிழிப் பதிவைக் கேட்க வேண்டும். உதவித்தொகை ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தும் கையில் இல்லை என்றால், பெரும்பாலும் ஆதார் எப்போதோ தொடங்கிய பழைய கணக்கோடு இணைந்திருக்கும். வங்கியில் எழுதிக்கொடுத்து இணைப்பை மாற்றும்வரை எத்தனை மனுப் போட்டாலும் பணம் அங்கேதான் போகும்.

கணவர் விட்டுப்போன பெண்ணுக்கும் ஆதரவற்ற கைம்பெண்ணுக்கும் சான்று வேறு வேறு. மாற்றுத்திறனாளி அட்டைக்கு 40 சதவீதம் என்ற மருத்துவச் சான்று வேண்டும். அதற்கு முகாம் நாள் தெரிய வேண்டும். குடும்ப அட்டை மிக ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டையாக மாறினால் மாதம் 35 கிலோ அரிசி. அதற்கு வட்ட வழங்கல் அலுவலரிடம் போக வேண்டும். இ-சேவை மையத்தில் சான்றுக்கு 60 ரூபாய்தான் கட்டணம். தாலுகா அலுவலகத்துக்கு நான்கு நடை போய்வந்தால் நான்கு நாள் கூலி போச்சு.

கைகோப்பதன் அருமை இங்கே கண்கூடாகத் தெரியும். எந்த வீட்டில் எந்தத் தாளில் என்ன முடிச்சு என்பது சமூகப் பணியாளருக்குத் தெரியும். தாசில்தாரையும் ஆதார் இயந்திரத்தையும் ஊருக்கே வரவழைக்கும் செல்வாக்கு கூட்டமைப்புக்கும் வட்டாரத்துக்கும் இருக்கிறது. முப்பது பெயர், முப்பது முடிச்சு, நகல்கள் முன்கூட்டியே எடுத்து வரிசையாக அடுக்கியிருந்தால் ஒரு நாள் முகாம் போதும். பட்டியல் இல்லாத முகாமில் வசதியானவர்கள் முகவரி மாற்றிக்கொண்டு போவார்கள்.

கடன்

கடனைக் கேட்டதும் யாரும் சொல்லமாட்டார்கள். முதல் தடவை ‘ஒண்ணும் இல்ல’, இரண்டாவது தடவை குழுக் கடன், மூன்றாவது தடவைதான் வட்டிக்காரர். கணவரோ மாமியாரோ இல்லாத நேரத்தில் கேட்க வேண்டும். தாளில் ஏழு கட்டம்: யாரிடம், எதற்கு, அசல், வட்டி, தவணை நாள், அடகு என்ன, சாட்சி யார். அடகு என்ற கட்டத்தைக் கவனிக்க வேண்டும். நகை என்றால் பரவாயில்லை. ஏ.டி.எம். அட்டையும் ரகசிய எண்ணும் வட்டிக்காரர் கையில் இருந்தால், நாம் அலைந்து வாங்கிக்கொடுத்த உதவித்தொகை அவருக்குத்தான் போகும்.

வாரத் தவணை நிறுவனங்களின் கடன் என்றால் 2022-லிருந்து ரிசர்வ் வங்கி விதி ஒன்று இருக்கிறது: குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. எல்லாக் கடன் அட்டைகளையும் ஒன்றாக வைத்துக் கூட்டிப் பார்த்தால் மீறல் தெரிந்துவிடும். தவணையைத் தள்ளிவைக்கப் பேச அது ஒரு பிடி. தனியார் வட்டிக்கு 2003-ம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் உண்டு. எடுத்த எடுப்பில் புகார் என்று போனால் அந்தக் குடும்பத்துக்கு அவசரத்துக்குக் கைமாற்றுத் தரும் ஒரே ஆளும் இல்லாமல் போவார். முதலில் கூட்டமைப்பில் நலிந்தவர்களுக்கென இருக்கும் நிதியிலிருந்து குறைந்த வட்டிக்குக் கொடுத்து, வட்டி அதிகமான கடனை மட்டும் அடைப்பது நல்லது.

ஒரு விதிவிலக்கு உண்டு. இதில் தவறினால் பெரிய கேடு. சூளைக்கோ ஆலைக்கோ வாங்கிய முன்பணத்துக்காக வேறெங்கும் போக முடியாமல் உழைக்கிறார்கள் என்றால் அது கடன் கணக்கில் சேராது. 1976-ம் ஆண்டுச் சட்டப்படி அது கொத்தடிமைத்தனம்; அந்த முன்பணத்தைத் திருப்பித் தரும் கடமையே கிடையாது. நல்லெண்ணத்தில் குழுக் கடன் கொடுத்து முன்பணத்தை அடைக்க வைத்தால், செல்லாத கடனைச் செல்லும் கடனாக்கி அந்தக் குடும்பத்தின் தலையில் கட்டியதாகும். அங்கே வளர்ச்சிப் பணியாளர் ஒதுங்கி நிற்க, சமூகப் பணியாளர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். விடுதலைச் சான்றும் உடனடி நிவாரணமாக 30,000 ரூபாய் வரையும் கிடைக்க வழியிருக்கிறது. குழு, கடன், ஆடு எல்லாம் அதற்குப் பிறகு.

ஆடு

தாள் முடிந்து, கடன் அடங்கி, வீட்டில் உலை தவறாமல் கொதிக்க ஆரம்பித்த பிறகு ஆட்டைப் பற்றிப் பேசலாம். பீகாரில் மிக ஏழைக் குடும்பங்களுக்காக 2018-ல் தொடங்கிய சதத் ஜீவிகோபார்ஜன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வீதம் ஏழு மாதம் இடைக்காலப் பணம் தருகிறார்கள். குட்டி விற்றுக் காசு வரும்வரை ஆட்டையே தின்றுவிடாமல் இருக்கத்தான் அது. அந்தப் பணம் மூன்று மாதம் தாமதமானால் திட்டமே தலைகீழ்.

ஆடு வாங்க நல்ல காலம் மழை முடிந்து மேய்ச்சல் இருக்கும் தை. நிதியாண்டு நம்மைத் தள்ளிவிடுவதோ பசும்புல் காய்ந்த பங்குனிக்கு. இரண்டு பல் போட்ட, ஒரு ஈற்று கண்ட பெட்டை நான்கு போதும். தெற்கே கன்னி, கொடி, சேலம் பக்கம் சேலம் கருப்பு என்று அந்த மண்ணில் வளர்வதையே எடுக்க வேண்டும். மொத்தமாக வெளிமாவட்டச் சந்தையிலிருந்து லாரியில் ஏற்றி வந்தால், விலையும் கூடும், நோயும் கூடவே வரும். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை, துள்ளுமாரி நோய்க்கு ஆண்டுதோறும் மழைக்கு முன்னால், குடற்புழு மருந்து மழைக்கு முன்னும் பின்னும். தடுப்பூசி போட்டு மூன்று வாரம் தனியே கட்டிவைத்த பிறகு கையில் கொடுக்க வேண்டும். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பிராக் முறையைச் சோதித்து 2015-ல் முடிவு வெளியிட்டார்கள். பெரும்பாலும் நல்ல பலன். ஹோண்டுராஸில் கொடுத்த கோழிகள் நோயில் செத்துப்போனதால் அங்கே சொத்துக் கணக்கு ஏறவில்லை.

காப்பீட்டுக்குக் காதில் வில்லை போடுவார்கள். ஆடு செத்தால் வில்லையோடு காதைப் பத்திரப்படுத்தி, 24 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். வில்லை விழுந்ததும் தெரியாமல், செத்ததும் புதைத்துவிட்டு வந்து நிற்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. வில்லை எண் பெண்ணின் பெயரில் இருக்கட்டும்.

நான்கு ஆட்டுக்கும் குட்டிகளுக்கும் நாளுக்குப் பதினைந்து கிலோ பசுந்தழை வேண்டும். அதை யார் வெட்டி வருவது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதன் விலை அப்போது ஆந்திரத்திலும் இப்போது தெலங்கானாவிலும் இருக்கும் மேதக் மாவட்டத்தில் நடந்த ஆய்வில் தெரிந்தது. அங்கே கால்நடை வருமானம் ஏறியது. கூலி வருமானம் அதே அளவு இறங்கியது. நிகர லாபம் பூச்சியம். கூலி நன்றாகக் கிடைக்கும் ஊரில் உடம்பு முடிந்தவருக்கு ஆடு தேவையில்லை. ஆடு சரிப்படுவது, பிள்ளையை விட்டுத் தூரம் போக முடியாத தாய் போன்றவர்களுக்கு. அதுவும் வேலியில் அகத்தியும் சூபாபுல்லும் முன்கூட்டியே நட்டிருந்தால். கணவர் குடிப்பவர் என்றால் கொல்லையில் நிற்கும் ஆடு அவருக்குக் கைக்காசு மாதிரி. மூன்று பெண்கள் சேர்ந்து இன்னொருவர் கொல்லையில் கூட்டுக்கொட்டில் போடுவது தப்பிக்கும் வழி. எந்த வீட்டில் எது என்பது, ஊர்ப்படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது.

வாரக் கூட்டம்

இதெல்லாம் நடக்க வாரம் ஒன்றரை மணி நேரக் கூட்டம் ஒன்று வேண்டும். இரண்டு தரப்பு, ஒரே தாள். ஒரு பணியாளருக்கு நாற்பது குடும்பம் சரியான அளவு: நாளுக்கு எட்டு வீடு, வீட்டுக்கு அரை மணி, ஐந்து நாள். எண்பது என்று ஏற்றினால் வருகை கையெழுத்து வாங்குவதாகச் சுருங்கிவிடும். கூட்டத்தில் வாரம் பத்துக் குடும்பம் பேசலாம். தாளில் சாப்பாடு, உடம்பு, ஆவணங்கள், வருமானம் என்று நான்கு கட்டம். முதல் மூன்றில் ஒன்று சிவப்பாக இருந்தாலும் நான்காவதற்கான திட்டப் பணம் நிற்க வேண்டும். மார்ச்சில் இந்த விதியைத் தளர்த்தச் சொல்லி மேலிருந்து தொலைபேசி வரும். தளர்த்தினால் ஆடியில் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

ரகசியம் இன்னொரு விஷயம். கூட்டமைப்புத் தலைவி அதே தெருக்காரர். வீட்டில் அடி விழுவதையோ நோயின் பெயரையோ அவர் முன்னால் சொல்ல முடியாது. “இந்த வீட்டுக்கு இப்போ வேண்டாம், மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்” என்று மட்டும் சமூகப் பணியாளர் சொல்வார். மற்றவர்கள் காரணம் கேட்கக்கூடாது. இதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் மட்டும் இந்த ரகசியம் கிடையாது. போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவுப்படி தெரிவித்தே ஆக வேண்டும்.

24 மாதம் முடிந்ததும் குடும்பங்களை ‘மேம்பட்டவை’ என்று கணக்கில் காட்டி மூடுவார்கள். மூட முடியாத கோப்புகள் நாற்பதில் குறைந்தது மூன்று நான்கு இருக்கும்: தனியாக இருக்கும் முதியவர், படுத்த படுக்கையான மகனும் அவனைப் பார்த்துக்கொள்ளும் தாயும். இவர்களுக்கு ஆடும் இல்லை, மேம்பாடும் இல்லை. 35 கிலோ அரிசி, உதவித்தொகை, வீடு தேடி வரும் மாத்திரை, எட்டிப் பார்க்க ஓர் ஆள். படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது என்பதால் ‘நீக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கோப்புகளைக் கூட்டமைப்பு அலமாரியில் தனி அடுக்கில் வைத்து, மாதம் இரண்டு தடவை யார் போய்ப் பார்ப்பது, போய்வர அவருக்கு எவ்வளவு பஸ் காசு என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் பெயரோடு எழுதிவைக்க வேண்டும். அவர் மாறினால் அடுத்தவர் பெயரையும்.